பிராய்க்கு நெருப்பு மூட்டச் சிக்கிமுக்கிக் கல்

ஜோகன்னஸ்பர்க் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. லைட்டர் கைவிட்டாலும் பிராய் (திறந்தவெளியில் இறைச்சி சுடுவது) அடுப்பைப் பற்றவைக்கலாம், செர்ட் என்ற சிக்கிமுக்கி போன்ற கல் இருந்தால்.

உண்மையான சிக்கிமுக்கி ஐரோப்பாவின் சுண்ணப்பாறைக்குள் உருண்டையாகக் கிடைப்பது. அதன் நெருங்கிய உறவுதான் செர்ட். இரண்டுமே மிக நுண்ணிய சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் அதே பொருள். நம் டோலமைட் (சுண்ணாம்புக்கல் போன்றது) பாறைகளில் பட்டை பட்டையாக ஓடுவது இதுதான், வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள்! கடல்நீரில் கரைந்திருந்த சிலிக்கா படிந்து உருவானது.

அடையாளம் காண இரும்பு ஆணியால் கீறுங்கள். டோலமைட்டில் கீறல் விழும். செர்ட்டில் விழாது, ஆணியின் இரும்புதான் கோடாக ஒட்டிக்கொள்ளும். உடைந்த இடம் சிப்பி உள்புறம்போல வழவழவென்று வளைந்து, ஓரம் கத்தியாக இருக்கும். உடைக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், சில்லு கண்ணில் தெறிக்கும்.

பொறி கல்லிலிருந்து வருவதில்லை. கல்லின் கூர்முனை எஃகைச் சீவ, அந்தத் துகள்தான் எரிகிறது. அதனால் பழைய அரம் நல்லது. எவர்சில்வர் கரண்டியெல்லாம் உதவாது. பருத்தித் துணியை முன்பே மூடிய தகர டப்பாவில் கருக்கி வைத்து, பொறியை அதன்மேல் விழச்செய்து, கனன்றதும் காய்ந்த புல்லில் வைத்து ஊதுங்கள். நேராகக் கற்பூரத்தில் தட்டிப் பார்த்து அரை மணி நேரம் வீணாக்கியவன் நான்.

ஸ்டெர்க்ஃபொன்டைன் குகைப் பக்கம் மட்டும் கல் பொறுக்காதீர்கள். ஆதிமனிதர் செதுக்கிய கருவிகளை எடுப்பது 1999ஆம் ஆண்டின் மரபுவளச் சட்டப்படி குற்றம்.