சில்லுமூக்கு உடைந்து வருபவரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கவனிக்கும் முறை

மூக்கில் இரத்தம் ஒழுக வருபவரிடம் விவரம் கேட்பதற்கு முன்பே அவருடைய நாடியையும் மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துவிட வேண்டும். முகம் வெளிறி, கை சில்லிட்டு, நாடி விரைந்து ஓடினால், சிரைவழித் திரவத்தைத் தொடங்கிவிட்டு ஆம்புலன்ஸை உடனே அழைக்க வேண்டும்.

மற்றவர்களுக்கு முதல் சிகிச்சை விரல் அழுத்தமே. ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேருக்கு இரத்தம் கசிவது மூக்கின் நடுச்சுவரின் முன்பகுதியில் உள்ள மெல்லிய இரத்தநாளப் பின்னலிலிருந்துதான் என்பதால், சரியான இடத்தில் விடாமல் அழுத்தினாலே பெரும்பாலும் நின்றுவிடும். நோயாளியை நிமிர்ந்து உட்காரவைத்து, தலையைச் சற்று முன்னால் குனியச் செய்து, எலும்புக்குக் கீழேயுள்ள மென்மையான பகுதியை இரு பக்கமும் சேர்த்துப் பிடித்து, 10 முதல் 15 நிமிடம் வரை கடிகாரத்தைப் பார்த்து அழுத்த வேண்டும். "எவ்வளவு அழுத்தியும் நிற்கவில்லை" என்று வருபவர்களில் பலர் மேலே எலும்பைப் பிடித்திருப்பார்கள், அல்லது நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை விரலை எடுத்துப் பார்த்திருப்பார்கள். தலையை அண்ணாந்து வைத்தால் இரத்தம் தொண்டைக்குள் இறங்கி வாந்தி வரும். எவ்வளவு போயிற்று என்பதும் தெரியாது. ஆகவே வாயில் வரும் இரத்தத்தை ஒரு தட்டில் துப்பச் சொல்வதே நல்லது.

அழுத்திக்கொண்டிருக்கும் நேரத்தில் உடனிருப்பவரிடம் விசாரிக்கலாம். வார்ஃபரின், ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்ற, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுகிறாரா, அடிபட்டதா, ஈறிலோ தோலிலோ இரத்தக் கசிவு உண்டா, காய்ச்சல் இருந்ததா என்று கேட்க வேண்டும். காய்ச்சல் இருந்தால் டெங்குவை நினைத்து இரத்தத் தட்டணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். இரத்த அழுத்தம் கூடியிருந்தால் பயத்தாலும் இருக்கலாம். அவசரப்பட்டு மருந்து கொடுத்துக் குறைக்காமல், இரத்தம் நின்று அவர் அமைதியான பிறகு மீண்டும் அளப்பதே முறை.

அழுத்தியும் நிற்காவிட்டால், உறைந்த இரத்தக் கட்டிகளை மெதுவாகச் சிந்தச் செய்து, நாளங்களைச் சுருக்கும் ஆக்சிமெட்டாசோலினும் மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயினும் நனைத்த பஞ்சைச் சில நிமிடம் வைத்து எடுத்து, நல்ல வெளிச்சத்தில் உள்ளே பார்க்க வேண்டும். கசியும் புள்ளி தெரிந்தால் சில்வர் நைட்ரேட் குச்சியால் சில விநாடிகள் தொட்டுச் சுடலாம். நடுச்சுவரின் இரு பக்கத்தையும் ஒரே வேளையில் சுடவே கூடாது. குருத்தெலும்புக்கு இரத்த ஓட்டம் அற்றுப்போய்ச் சுவரில் ஓட்டை விழக்கூடும். புள்ளி தெரியாமல் இரு மூக்குத்துளையிலும் தொண்டையிலும் இரத்தம் இறங்கினால், குறிப்பாக முதியவர்களுக்கு, அது மூக்கின் பின்பகுதிக் கசிவாக இருக்கக்கூடும். பஞ்சுத்திரி அடைத்துக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அன்றே அனுப்ப வேண்டும்.

ஒரு மூக்குத்துளையில் மட்டும் நாற்றத்தோடு சளியும் இரத்தமும் வரும் குழந்தைக்கு உள்ளே ஏதாவது பொருள் சிக்கியிருக்கலாம். அது பொத்தான் பேட்டரியானால் சில மணி நேரத்திலேயே திசுவை அரித்துவிடும் என்பதால் காத்திருக்கக் கூடாது. ஒரு பக்க அடைப்போடு அடிக்கடி இரத்தம் வரும் பதின்வயதுப் பையனுக்கு இரத்தநாளக் கட்டி இருக்கக்கூடும். அதிலிருந்து இங்கே சதைத்துணுக்கு எடுக்கக் கூடாது.

வீட்டுக்கு அனுப்பும்போது, ஒரு வாரம் மூக்கை நோண்டாமலும் பலமாகச் சிந்தாமலும் இருக்கவும், நுனிவிரலில் வாசலினைத் தொட்டு நாளுக்கு இருமுறை உள்ளே தடவவும் சொல்ல வேண்டும். இதயத்துக்காக இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுபவர், அதை எழுதித் தந்த மருத்துவரைக் கேட்காமல் தாமாக நிறுத்திவிடக் கூடாது.