படகு டிரெய்லரில் வெல்டிங் வைக்கும் முன்

கோடையில் கிருஷ்ணகிரி அணையில் தண்ணீர் இறங்கினால் கரை வெகுதூரம் தள்ளிப் போய்விடும். இடையில் கிடப்பது வண்டல் சேறு. அதனால் டிரெய்லரை மாற்றித் தரக் கேட்டுப் பட்டறைக்கு வருகிறவர்களிடம், படகை எந்த இடத்தில் இறக்குகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன்.

"அண்ணே, வரிசையா ரோலர் போட்டுடுங்க, தள்ளினா போதும்" என்பார்கள். ஃபைபர் படகுக்கு ரோலர் மட்டும் போதாது. மொத்தப் பாரமும் ரோலர் தொடும் நாலைந்து இடங்களில் இறங்கும். ரோட்டில் குலுங்கக் குலுங்க அங்கே விரிசல் விடும். நீளவாக்கில் இரண்டு மரக்கட்டை வைத்து, மேலே கார்ப்பெட் சுற்றுங்கள். நடுவில் மட்டும் ரோலர் இருக்கட்டும். கட்டை கட்டாயம் பின்பலகை வரை வர வேண்டும், மோட்டாரின் எடை அங்கேதான் தொங்குகிறது. ஒரு சாண் குறைந்தாலும் நாளடைவில் படகின் அடி வளைந்துவிடும். அப்புறம் வேகமெடுக்கும்போது மூக்கு தண்ணீரில் அமுங்கும்.

சீக்கிரம் மிதக்கட்டும் என்று படகைப் பின்னால் தள்ளி உட்கார வைப்பதும் தப்பு. இழுக்கும் வண்டியில் மாட்டும் முன்கொக்கியில் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது அழுத்த வேண்டும். இல்லையென்றால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் வால் ஆட்டும்.

யாரும் கவனிக்காதது சக்கர பேரிங். ஓசூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் ஓடி வந்த ஹப், அதாவது பேரிங் இருக்கும் சக்கரக் குடம், சூடாக இருக்கும். அப்படியே தண்ணீரில் முக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, ஆயில் சீல் (கிரீஸ் வெளியே கசியாமல் தடுக்கும் வளையம்) வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். போன வருடம் ஒரு ஹப்பைத் திறந்தபோது கிரீஸ் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தது. பேரிங் உருளைகளில் துருப் புள்ளிகள். அரை மணி நேரம் ஆறவிட்டு இறக்குங்கள். தண்ணீருக்குத் தாங்கும் கிரீஸ் போடுங்கள், சீலையும் பாருங்கள்.

சேற்றுக் கரைக்கு டிரெய்லரை வண்டியோடு இணைக்கும் முன்கம்பியை நீட்ட வேண்டியிருக்கும். துண்டுக் குழாயை முனையோடு முனை ஒட்டாதீர்கள், இழுவை முழுக்க அந்த ஒரே வெல்டிங்கில் விழும். கனமான குழாயை முன்கம்பிக்கு உள்ளே செருகி, குறுக்கே இரண்டு இரும்பு ஆணி போட்டால் தேவைப்படும்போது நீட்டிக்கொள்ளலாம். டிராக்டர் கெட்டித் தரையிலேயே நிற்கும்.

ரோலர் போட்ட டிரெய்லரில் சரிவு வந்ததும் படகு தானாக நழுவும். பின்பகுதி மிதந்த பிறகு வின்ச் (படகை இழுத்துக் கட்டும் கைச்சுழலி) கொக்கியைக் கழற்றுங்கள்.