கம்பியில்லா மவுஸ் அசைய மறுக்கிறதா?

கம்பியில்லா மவுஸ் திடீரென்று மக்கர் செய்தால், உடனே புதிது வாங்க ஓடாதீர்கள். முதலில் அதைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் உள்ள சிறு சுவிட்ச், பையில் போட்டு எடுக்கும்போது தானாக நகர்ந்து அணைந்திருக்கும். சிரிக்க வேண்டாம், நானே இதில் அரை மணி நேரத்தைத் தொலைத்திருக்கிறேன்.

அடுத்தது பேட்டரி. அதை மாற்றுவதற்கு முன் பேட்டரி அறையின் சுருள்கம்பியைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் புதிய பேட்டரி போட்டும் பயனில்லை. பழையதை எடுத்துவிட்டு, பஞ்சுக் குச்சியில் துளி வினிகர் தொட்டுத் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள்.

பலரும் கோட்டைவிடுவது யுஎஸ்பி ரிசீவரில்தான், அதாவது மவுஸின் சிக்னலைப் பெறக் கணினியில் செருகும் அந்தச் சிறு துண்டில். இவ்வகை மவுஸ்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. யுஎஸ்பி 3.0 போர்ட்டும் அதில் செருகிய ஹார்டு டிஸ்க்கும் அதே அலைவரிசையில் சிக்னலைக் குழப்பும் இரைச்சலைக் கிளப்பக்கூடியவை. ஹார்டு டிஸ்க்கைச் செருகியதும் அம்புக்குறி தத்தித் தத்தி நகர்ந்தால் சந்தேகமே வேண்டாம். ரிசீவரைப் பிடுங்கி, தள்ளியிருக்கும் வேறு போர்ட்டில் செருகுங்கள். மேசைக் கணினியின் பின்பக்கத்தில் ஒளிந்திருந்தால் முன்பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள்.

பட்டன்கள் வேலை செய்கின்றன, அம்புக்குறி மட்டும் நகரவில்லையா? அடியிலுள்ள லென்ஸ் குழியில் ஒற்றை முடி சிக்கியிருக்கலாம். கண்ணாடி மேசையும் காரணமாக இருக்கலாம். ஒரு காகிதத்தை விரித்து அதன்மேல் நகர்த்திப் பாருங்கள்.

எதற்கும் மசியவில்லை என்றால், ரிசீவரோடு வேறொரு கணினியில் சோதியுங்கள். அங்கே ஓடினால் கோளாறு உங்கள் கணினியில்.