வெந்நீர்க் குழாயில் குளிர்ந்த தண்ணீர்: என் அனுபவம்

கிளினிக்கில் புது வெந்நீர் டேங்க் வைத்த மூன்றாம் வாரம். கை கழுவும் குழாய்களில் காலையில் சூடாக வரும் தண்ணீர், 10 மணிக்கு மேல் வெதுவெதுப்பாகிவிடும். டேங்க் சிறியது என்றார் பிளம்பர். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை மாற்றினோம், ஹீட்டர் காயிலையும் மாற்றினோம். நான்கு நாள் வீண்.

ஆனால் டேங்கிலிருந்து வெளியேறும் இடத்தில் தெர்மாமீட்டர் 60 டிகிரி காட்டியது. (லெஜியோனெல்லா கிருமி வளராமல் இருக்க அந்தச் சூடு வேண்டும்.) சரி, கோளாறு டேங்கில் இல்லை.

அப்புறம் ஒரு நாள் 11 மணிக்கு, டேங்குக்குப் போகும் குளிர்நீர் வால்வை மூடிவிட்டு வெந்நீர்க் குழாயைத் திறந்தேன். நின்றுபோக வேண்டிய தண்ணீர் ஜில்லென்று வந்துகொண்டே இருந்தது! அப்படியென்றால் வேறு எங்கிருந்தோ குளிர்நீர் வெந்நீர்க் குழாய்க்குள் நுழைகிறது.

கருவிகள் கழுவும் அறையில், வெந்நீரையும் குளிர்நீரையும் கலந்து தரும் மிக்ஸர் குழாயின் நுனியில் கைப்பிடி ஸ்பிரே ஒன்று உண்டு. 10 மணிக்கு வரும் உதவியாளர் மிக்ஸர் குழாயைத் திறந்தே வைத்து, ஸ்பிரேயின் விசையை விட்டுத் தண்ணீரை நிறுத்துவார். வெளியே போக வழியில்லாத குளிர்நீர், அழுத்தம் குறைந்த வெந்நீர்க் குழாய்க்குள் புகுந்திருக்கிறது. மிக்ஸரின் இரண்டு இணைப்புகளிலும் ஒருவழி வால்வு போட்டோம். அரை மணி நேர வேலை.

பழைய தெர்மோஸ்டாட் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது, நல்ல நிலையில்.