தோட்டத்தில் பங்கு ஆடு போடுவது எப்படி

நுவரெலியாப் பக்கத்து மலைத் தோட்டங்களில் பத்துப் பன்னிரண்டு குடும்பம் சேர்ந்து ஒரு கிடாய் வாங்கிக் கூறு போட்டால், கறி எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகளுக்குத் தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனால் காசு கொடுத்த எல்லோரும் ஏதாவது ஒரு வேலையில் கைவைக்க வேண்டும். கூறு வாங்க மட்டும் வருவதற்குக் கறிக்கடையே போதும்.

உயிரெடை 25 கிலோ உள்ள கிடாயில் எலும்போடு 11, 12 கிலோ கறி தேறும். பங்கை அந்தக் கணக்கில் எண்ணுங்கள். வாங்கும்போது மூக்கையும் வாலடியையும் பாருங்கள். சளியோ கழிச்சலோ இருந்தால் வேண்டாம். பூச்சி மருந்து கொடுத்திருந்தால், எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று போத்தலில் போட்டிருக்கிறதோ அத்தனை நாள் கழியும் வரை அறுக்கக் கூடாது. பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தைத் தவிருங்கள். பிரதேச சபையிலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் முன்கூட்டியே பேசி அனுமதி எடுங்கள்.

அறுக்கும் இடம் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கும் ஊற்றுக்கும் கீழே இருக்கட்டும். மேலே அறுத்தால் இரத்தமும் சாணமும் கீழே உள்ள லயத்து வரிசை வீடுகளின் குடிதண்ணீரில்தான் போய்ச் சேரும்.

முதல்நாள் இரவே இரையை நிறுத்திவிட்டுத் தண்ணீர் மட்டும் வையுங்கள். வயிறு நிரம்பியிருந்தால் குடல் எடுக்கும்போது கிழிந்து கறியெல்லாம் நாறும். அறுப்பது கைப்பழக்கம் உள்ள ஒருவர் வேலை. கத்தி ஒரே இழுப்பில் அறுக்கும் கூர்மையோடு இருக்க வேண்டும். கண்ணைத் தொட்டும் இமை அசையாத பிறகே தோலில் கத்தி வையுங்கள். பார்க்க விரும்பாத பிள்ளையை வற்புறுத்தாதீர்கள், பிறகு குடல் கழுவக் கூப்பிடலாம். இரத்தத்தை உப்புப் போட்ட சட்டியில் பிடித்தால் வறைக்கு ஆகும்.

பின்காலில் தொங்கவிட்டு, தோலுக்கும் சதைக்கும் நடுவே முஷ்டியை விட்டு அமுக்கி உரியுங்கள். கத்தியால் உரித்தால் சதையும் சேர்ந்து வரும், ஆட்டு மயிரும் ஒட்டும். வயிற்றைத் திறக்கும்போது இரண்டு விரலை உள்ளே விட்டு, அவற்றின் நடுவே கத்தியை, கூர் வெளிப்பக்கம் பார்க்க நகர்த்துங்கள். பித்தப்பையை ஈரலில் கொஞ்சம் ஒட்டவிட்டே வெட்டி எடுங்கள். உடைந்தால் பட்ட இடமெல்லாம் கசக்கும்.

எல்லோரையும் கூப்பிட்டுக் காட்ட வேண்டியது ஈரல். நல்ல ஈரல் கரும் சிவப்பாக, வழவழப்பாக, ஓரம் கூர்மையாக இருக்கும். அதிலோ நுரையீரலிலோ நீர்க்கட்டி இருந்தால் நாய்க்கு வீசவே வீசாதீர்கள். நாயின் வயிற்றில் அது புழுவாகி, மனிதருக்கும் ஆட்டுக்கும் திரும்பி வரும். நாய் தோண்டாத ஆழத்தில் புதையுங்கள்.

கூறில் தொடை, விலா, கழுத்து எல்லாவற்றிலும் கொஞ்சம் இருக்க வேண்டும். ஈரலையும் குடலையும் தனியாகப் பிரியுங்கள். கூறு போட்டவர் கடைசியாக எடுப்பதென்று முன்னமே பேசிவிட்டால் தராசுச் சண்டை வராது.

பொதுச் சட்டிக்கான கறியை அறுத்த கையோடு அடுப்பேற்றுங்கள். பிந்தினால் கறி விறைத்துப்போய் ரப்பர் மாதிரி இழுக்கும். அதை மறுநாள் வரை பிரிட்ஜில் வைத்தால்தான் இளகும். 1,868 மீட்டர் உயரத்து நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதிப்பதால், மாத்தளையில் வேகும் நேரம் இங்கே போதாது. மூடியை இறுக்கிப் போட்டு, எலும்பிலிருந்து சதை கழலும் வரை வேகவிட்ட பிறகே தேங்காய்ப்பால் ஊற்றுங்கள்.