இறுகிப்போன பழைய மோட்டார் சைக்கிளைச் சேதமில்லாமல் கழற்றும் முறை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிராமங்களில் மாட்டுக் கொட்டகையின் ஓரத்திலோ புளியமரத்தடியிலோ சாக்குப் போர்த்தி நிறுத்திய பழைய வண்டி ஒன்றாவது இருக்கும். மைசூரில் 1961 முதல் 1996 வரை தயாரான ஜாவா, யெஸ்டி, திருவொற்றியூரிலிருந்து வந்த புல்லட், 1984 முதல் ஓசூரிலிருந்து வெளிவந்த இண்ட்-சுசுகி ஆகியவையே பெரும்பாலும் அப்படிக் கிடைக்கின்றன. இவற்றில் எஞ்சின் வார்ப்பு உடைந்துவிட்டால் அதே வார்ப்பு மறுபடி கிடைப்பது அரிது. ஆகவே அசையாத ஒவ்வொரு போல்ட்டையும், அது ஏன் அசையவில்லை என்று பார்த்த பிறகே தொட வேண்டும்.

இரும்போடு இரும்பு சேருமிடத்தில் பிடிப்பது செந்துரு. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் மரைக்குள் ஆப்பு அடித்ததுபோல் இறுக்குகிறது. அலுமினிய வார்ப்பில் எஃகு ஸ்டட் (தலையில்லாத மரைக்கம்பி) நிற்குமிடத்தில் கதை வேறு: ஈரமும் உப்பும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கப்பட்டு வெண்ணிறப் பொடியாகி அடைத்துக்கொள்ளும். நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று உப்புநீரில் கழுவித் துடைக்காமல் விட்ட வண்டிகளிலும், மாட்டுக் கோமியம் பட்ட வண்டிகளிலும் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது வகை, காய்ந்து பிசினான எண்ணெய். இதற்குச் சிறிது டீசலே போதும்.

அடுத்து, ஸ்பேனரின் அளவு. பழைய புல்லட்டுகளில் பல போல்ட்டுகள் பிரிட்டிஷ் அளவில் இருப்பவை. கால் அங்குல விட்வொர்த் ஸ்பேனரின் வாய் ஏறக்குறைய 13.3 மில்லிமீட்டர். அந்தத் தலையில் 13 நுழையாது. 14 நுழையும், ஆனால் ஆடும். அந்த ஆட்டத்தோடு ஒரு தடவை இழுத்தால் அறுகோணத் தலை மழுங்கிவிடும். இறுகிய போல்ட்டுக்குத் திறந்த வாய் ஸ்பேனரை எடுக்கவே கூடாது. சரியான அளவில் ஆறு முக ரிங் அல்லது பாக்ஸ் ஸ்பேனரையே பயன்படுத்த வேண்டும். இண்ட்-சுசுகியின் எஞ்சின் மூடிகளில் உள்ள கூட்டல்குறித் திருகுகள் ஜப்பானிய வடிவம். சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் அவற்றில் அடிவரை உட்காராமல் வழுக்கி, தலையைக் குடைந்துவிடும். ஜப்பானிய முனை பொருத்தி, சுத்தியலால் அடித்தால் தானே திரும்பும் இம்பாக்ட் டிரைவரால் கழற்றினால், பெரும்பாலான திருகுகள் இரண்டு மூன்று அடியில் அசையும். எஞ்சினுக்குள் இருக்கும் சில நட்டுகள் இடமரை (வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால் கழல்வது) கொண்டவை என்பதால், அந்த மாடலின் கைப்புத்தகத்தைப் பார்க்காமல் நீண்ட குழாயை மாட்டி இழுக்க வேண்டாம்.

இனி எண்ணெய். முதலில் கம்பித் தூரிகையால் மரையின் வெளிமுனையைத் தேய்த்துச் சுத்தம் செய்யாவிட்டால், ஊற்றும் எண்ணெய் அழுக்கின் மேலேயே நிற்கும். துரு நீக்கும் ஸ்பிரே இருந்தால் நல்லது. இல்லையென்றால் டீசலோடு மெல்லிய எண்ணெய் கலந்து விடலாம். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர், “எண்ணெய் ஊத்துனீங்களா?” என்று கேட்கவே மாட்டார், “என்னைக்கு ஊத்துனீங்க?” என்றுதான் கேட்பார். காலையும் மாலையும் சில சொட்டுகள் விட்டு, போல்ட்டுத் தலையைச் சிறு சுத்தியலால் பத்துப் பதினைந்து தடவை லேசாகத் தட்ட வேண்டும். அந்த அதிர்வில் துரு நுண்ணியதாக விரிசல் கண்டு எண்ணெய்க்கு வழிவிடும். நான்கைந்து நாள் கழித்துக் கழற்றும்போது முதலில் இறுக்கும் பக்கமாக மயிரிழை அளவு திருப்பிப் பாருங்கள். அசைந்துவிட்டால் முன்னும் பின்னுமாகக் கால் சுற்று, அரைச் சுற்று என்று எண்ணெய் விட்டபடியே வெளியே கொண்டுவர வேண்டும்.

எண்ணெய்க்கு மசியாததை வெப்பம் அசைக்கும். ஒரே சூட்டில் அலுமினியம் எஃகைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும்: 50 மில்லிமீட்டர் துளை 80 டிகிரி கூடுதல் வெப்பத்தில் அலுமினியத்தில் சுமார் 0.09 மில்லிமீட்டரும் எஃகில் சுமார் 0.05 மில்லிமீட்டரும் விரிகிறது. பேரிங்கைச் சுத்தியலால் அடிக்காமல், கழற்றிய எஞ்சின் உறையைக் கொதிநீரில் ஊறவைத்து எடுத்துக் கவிழ்த்துத் தட்டினால் அது பெரும்பாலும் தானே விழுந்துவிடுவது இதனால்தான். இரும்பு நட்டாக இருந்தால், நட்டை மட்டும் விரைவாகச் சூடாக்கி, சூட்டோடு மெழுகுவர்த்தியை மரையோரத்தில் வையுங்கள். உருகிய மெழுகு இடுக்கில் தானே உறிஞ்சப்படும். பெட்ரோல் டேங்கைக் கழற்றி அப்பால் வைத்து, சொட்டிய டீசலைத் துடைத்த பிறகே நெருப்பை எடுக்க வேண்டும் என்பதில் எந்த விலக்கும் இல்லை.

மிகுந்த பொறுமை கேட்பது பிடித்துப்போன பிஸ்டன். பாலக்கோட்டுப் பக்கம் நான் வாங்கிய யெஸ்டியில் கிக்கர் கல்போல் நின்றது. யெஸ்டியில் கிக்கரும் கியர் லீவரும் ஒன்றே என்பதால், அதன்மேல் ஏறிக் குதித்தால் கிக்கர் பற்கள் மட்டுமல்ல, கியர் மாற்றும் அமைப்பும் கெடலாம். ஸ்பார்க் பிளக்கையும் சைலன்சர்களையும் கழற்றி, எக்ஸாஸ்ட் துளை வழியே டார்ச் அடித்துப் பார்த்தேன். பிஸ்டன் அந்தத் துளைகளை மூடி மேலே நின்றது. பிளக் துளை வழியே பார்த்தால் சிலிண்டர் சுவரில் விரல் அகலத்துக்குச் செம்பழுப்புத் துருப் பட்டை. பிஸ்டன் கீழே நின்றிருந்தால் ஊற்றும் எண்ணெயெல்லாம் எக்ஸாஸ்ட் வழியே ஓடிவிடும். அப்போது ஹெட்டை (சிலிண்டரின் மேல்மூடியை) கழற்றி, பிஸ்டன் விளிம்பில் சிறிது சிறிதாக விடுவதே வழி. நான் டீசலும் டூ-ஸ்ட்ரோக் எண்ணெயும் சம அளவு கலந்து பிளக் துளையில் ஊற்றி, மட்டம் இறங்க இறங்கச் சேர்த்து, பன்னிரண்டு நாள் விட்டேன். பிறகு சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, கடைசி கியரில் போட்டு, பின்சக்கரத்தை இரு கையாலும் முன்னும் பின்னும் ஆட்டினேன். மூன்றாம் நாள் மாலை சக்கரம் செயின் தளர்வைத் தாண்டி ஓர் அங்குலம் கூடுதலாக நகர்ந்தது; அந்த அங்குலம் கிடைத்ததும் நிறுத்திவிட்டு மறுபடி எண்ணெய் ஊற்றினேன்.

சக்கரத்துக்கு மசியாவிட்டால் ஹெட்டைக் கழற்றி, சிலிண்டர் துளையைவிடச் சற்றுச் சிறிதாக வெட்டிய மரக்கட்டையைப் பிஸ்டன்மேல் வைத்துத் தட்டலாம். இரும்புக் கம்பியால் தட்டினால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். விடுபட்ட உடனே ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள்: துருத்துகள் கிராங்க் பேரிங்கில் இறங்கியிருக்கும், பிஸ்டன் ரிங் அதன் பள்ளத்தில் ஒட்டியிருக்கும். சிலிண்டரைத் தூக்கி, கிராங்க் அறையை அலசி, போரிங் (சிலிண்டர் துளையைச் சற்றுப் பெரிதாகக் கடைவது) தேவையா என்று லேத் பட்டறையில் அளந்து பார்த்த பிறகே பூட்ட வேண்டும்.

ஸ்டட் முறிந்துவிட்டால், மிச்சம் நீட்டிக்கொண்டிருக்கும் துண்டில் ஒரு நட்டை வைத்து நடுவில் வெல்டிங் செய்து, சிவப்பு தணிந்ததும் அந்த நட்டைப் பிடித்துத் திருப்புவதுதான் என் அனுபவத்தில் நம்பகமான வழி; வெல்டிங்குக்கு முன் பேட்டரி வயரைப் பிரித்துவிட வேண்டும். வார்ப்போடு மட்டமாக முறிந்ததை லேத் பட்டறையிலேயே துளையிட்டு மரை போடக் கொடுத்துவிடுங்கள்.

கார்புரேட்டர் ஜெட்டுகளை (பெட்ரோலை அளந்து விடும் சிறு பித்தளைத் துளைத்திருகுகளை) பற்றி ஓர் எச்சரிக்கை. நம் ஊர்ப் புளிக்கரைசல் பித்தளையின் பச்சைக் களிம்பை அருமையாக எடுக்கும் என்பதால், கழற்றிய ஜெட்டை அதில் சிறிது நேரம் ஊறவைத்துக் கழுவலாம். கார்புரேட்டரின் உடல் துத்தநாகக் கலவை. புளியின் அமிலம் அதை அரித்துவிடும். அதனால் ஜெட் கழல மறுத்தால் உடலோடு சேர்த்துப் புளியில் போடாமல், கொதிநீரில் சூடாக்கி, பள்ளத்தின் அகலத்துக்குச் சரியாக அரம் வைத்துத் தேய்த்த ஸ்க்ரூ டிரைவரை நேராக அழுத்தித் திருப்புங்கள்.