யாழ்ப்பாணத்தில் தைப்பொங்கல்: ஊருக்குப் போகிறவர்கள் கவனிக்க

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்களில் பலர் முதல்நாள் இரவுதான் வீட்டு வாசலில் வந்து இறங்குகிறார்கள். லீவு அப்படித்தான் கிடைக்கிறது, விளங்குகிறது. ஆனாலும் முடிந்தால் இரண்டு மூன்று நாள் முன்னதாகப் போய்விடுங்கள். பொங்கலின் பாதி வேலை முதல்நாள் சந்தையிலும் முற்றத்திலும்தான் நடக்கிறது. அதில் கை வைக்காதவர், விடிய எழும்பிப் படம் எடுக்கிற விருந்தாளியாகத்தான் நிற்க வேண்டிவரும்.

பயணச்சீட்டு எடுக்கமுன் திகதியைப் பாருங்கள். 2025இல் ஜனவரி 14, 2026இல் 15 என்று மாறி வரும். இலங்கையில் அன்று அரச விடுமுறை என்பதால் கொழும்பிலிருந்து வரும் ரயிலில் இருக்கை விரைவில் முடிந்துவிடும். வெள்ளவத்தையிலிருந்து இரவில் புறப்படும் பஸ்களிலும் நேரத்தோடு இடம் பிடித்து வையுங்கள்.

வெளிக்கிடமுன் வீட்டாரிடம் ஒன்றைக் கேளுங்கள்: "இந்த முறை பொங்குகிறீர்களா?" நெருங்கிய உறவில் செத்தவீடு நடந்திருந்தால் ஆட்டைத்திவசம் (ஓராண்டு நினைவுநாள்) முடியும்வரை பல வீடுகளில் பொங்க மாட்டார்கள். அயலட்டைச் சனம்தான் அந்த வீட்டுக்குப் புக்கை (பொங்கிய சர்க்கரைச் சோறு) கொண்டுபோய்க் கொடுக்கும். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். "ஏன் மாமி, நீங்கள் பொங்கவில்லையா?" என்று முற்றத்தில் நின்று கேட்டுவிடுவார்கள்.

முதல்நாள் திருநெல்வேலி, சுன்னாகம், சாவகச்சேரி என்று எந்தச் சந்தைக்குப் போனாலும் நெரிசல்தான். காலையிலேயே போங்கள். கரும்பு, இஞ்சி மஞ்சள் கொத்து, வாழையிலை, வெடி எல்லாம் இருக்கும். மண்பானை வாங்கினால் விரல்மொழியால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் எடுக்கலாம், சத்தம் அடைத்துக் கேட்டால் எங்கோ ஒரு வெடிப்பு இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்த கையோடு தண்ணீர் நிரப்பி வையுங்கள். கசிந்தால், கடை பூட்டமுன் இன்னொன்று வாங்கலாம்.

செலவு முழுவதையும் நீங்களே தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள். வீட்டுக்காரருக்கு அது கூச்சமாகிவிடும். வெடியும் கரும்பும் நான் வாங்குகிறேன் என்றால் போதும். கைவிசேடம் கொடுப்பது சித்திரை வருடப்பிறப்புக்கு. பொங்கலுக்குக் காசு நீட்டத் தேவையில்லை.

அப்புறம், நேரம். ஜனவரி நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தில் சூரியன் உதிப்பது ஏறத்தாழ ஆறரை மணிக்கு. பொங்கல் நேரம் வாக்கிய பஞ்சாங்கத்தில் ஒன்றாகவும் திருக்கணிதத்தில் வேறாகவும் இருக்கலாம். நீங்கள் போனில் தேடி எடுத்த நேரத்தை வைத்து வாதாடாதீர்கள். அந்த வீட்டில் எதைப் பார்க்கிறார்களோ அதுதான் சரி.

இருட்டோடு எழும்பினால்தான் கோலம் போடுவதைப் பார்க்கலாம். சாணகம் மெழுகிய முற்றத்தில் உலக்கையைக் கிடத்தி, அதன் ஓரத்தில் அரிசிமாவைத் தூவி, உலக்கையைத் தூக்கினால் நேரான கோடு விழும். நாலு பக்கமும் அப்படியே. நடுவில் மூன்று கல் அடுப்பு, பக்கத்தில் நிறைகுடமும் குத்துவிளக்கும். பால் பொங்கி வழிகிறபோது ஊர் முழுக்க வெடிச் சத்தம் கேட்கும். வீட்டுத் தலைவர் இரு கைகளாலும் அரிசியை அள்ளி, பானையை மூன்று முறை சுற்றி, உலையில் போடுவார். பிறகு ஒவ்வொருவராகப் போட உங்களையும் கூப்பிடுவார்கள். போனை வைத்துவிட்டுப் போங்கள். வறுத்த பயறு, சர்க்கரை, தேங்காய்ப்பால், கஜு, முந்திரிகை வற்றல் எல்லாம் சேர்ந்து புக்கை இறுகி வருவதற்குள் புகையில் கண் கரிக்கும். அடுப்படிக்கும் வெடிக்கும் கிட்டே நிற்கிற பிள்ளைகளுக்குப் பருத்தி உடுப்பே போடுங்கள். இலங்கைக்கு வருகிறோம் என்று சரிகை பளபளக்கிற நைலோன் பாவாடையோடு இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயம்தான்.

படையல் முடிந்ததும் அயல் வீடுகளுக்குப் புக்கை கொடுத்தனுப்புவார்கள். அந்த வேலையைக் கேட்டு வாங்குங்கள். யார் எந்த வளவில் இருக்கிறார்கள் என்பது அந்த ஒரு சுற்றில் தெரிந்துவிடும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கரண்டியாவது சாப்பிடச் சொல்வார்கள். அதனால் சொந்த வீட்டில் வயிறு முட்டச் சாப்பிடாமல் கிளம்புங்கள்.

பின்னேரம் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டப் போட்டி. விதம்விதமான பெரிய பட்டங்கள் ஏறும். சனமும் வாகனமும் நிறைந்துவிடுவதால் மத்தியானச் சாப்பாட்டோடு புறப்படுங்கள்.

மறுநாள் மாட்டுப் பொங்கல். யாழ்ப்பாணத்து வீடுகளில் மாடு வளர்ப்பது குறைந்துவிட்டதால், பட்டி வைத்திருக்கிறவர் யாரென்று விசாரித்துப் போக வேண்டும். குளிப்பாட்டிப் பொட்டு வைத்து மாலை போடும்போது பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள்.

மாரி முடிகிற காலம் என்பதால் நுளம்பும் டெங்குவும் இருக்கும். விடியப்புறம் முற்றத்தில் நிற்கவே நுளம்புக் களிம்பு வேண்டும். லீவு மிஞ்சினால் தைப்பூசம் வரை நில்லுங்கள். புதிர் எடுப்பது, அதாவது அந்த வருடப் புதுநெல்லை முதன்முதலாக வீட்டுக்கு எடுப்பது, அப்போதுதான்.